உமாவின் அட்டையில் மூன்று காலிக் கட்டங்கள்

ரகு,

இந்தக் கடிதத்தை ஆபீசில் பிரிக்காதே, மின்சார ரயிலில் நின்றுகொண்டும் படிக்காதே. வீட்டுக்குக் கொண்டுபோய் உட்கார்ந்து படி. போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் இலை போட்ட பிறகு நான் சாப்பிடாமல் எழுந்து வந்தேன். "அம்மாவுக்கு வயசாக ஆக கோவம் ஜாஸ்தியாகுது" என்று நீ மாலதியிடம் சொன்னது, நான் முதல் படி இறங்குவதற்குள் காதில் விழுந்துவிட்டது. மருமகளிடம் என்னைக் கோபக்காரி என்று சொன்னதில் வருத்தமில்லை. உண்மையைத்தான் சொன்னாய். ஆனால் வயசுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. இந்தக் கோபத்துக்கே பதினைந்து வயசாகிறது. வேளை தவறாமல் சோறு ஊட்டி வளர்த்திருக்கிறேன். உன்னை வளர்த்தபோதுகூட அவ்வளவு கவனமாக இருந்தேனா என்று எனக்குச் சந்தேகம்தான்.

நீயும் மாலதியும் வேலைக்குப் போகிறீர்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நம் இரும்புலியூர் வீட்டிலிருந்து அப்பாவின் அக்காவை, உன் அத்தையை, கூட்டிக்கொண்டு போனாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பால்வாடியை விட்டுவிட்டு நான் வந்திருக்க மாட்டேன், அது வேறு விஷயம். கேட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை நான் உள்ளே வந்தபோது அத்தை பால்கனி ஓரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் அருண். ஏழு மாதக் குழந்தையின் கழுத்தில், இரண்டு சுற்றாகச் சுற்றி, ஒரு பொன் செயின். நான் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. கிட்டப் போய் அந்தச் செயினை விரலால் தடவிப் பார்த்தேன். கொக்கிக்கு நாலு விரற்கடை தள்ளி ஒரு கண்ணி மட்டும் மற்றதைவிடத் தடிப்பாக, கொஞ்சம் கறுத்து இருக்கும். அது வெட்டிப் பற்றவைத்த இடம். அங்கேதான் இருந்தது. "இதைக் கழட்டுங்க அண்ணி" என்றேன். அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தாள். நீயும் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாய். உனக்கு என்ன ஆச்சரியம் என்று எனக்குத் தெரியும். பதினைந்து வருஷமாக நான் அவளோடு நேருக்கு நேர் பேசி நீ கேட்டதே கிடையாது.

உனக்கு ஒரு தங்கை இருந்தாள் என்பது தெரியும். காய்ச்சல் வந்து செத்துப்போனாள் என்று தெரியும். அந்தப் பத்து நாளும் உன்னைச் சிங்கப்பெருமாள் கோவிலில் மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தோம். நீ அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தாய். திரும்பி வந்தபோது வீடு கழுவிவிட்டிருந்தது. அவ்வளவுதான் உனக்குத் தெரிந்தது, அதற்குமேல் நீயும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

எண்பத்திரண்டாம் வருஷம், ஐப்பசி மழை. உமாவுக்கு நாலு வயசு. வெள்ளிக்கிழமை தொண்டை வலிக்கிறது என்றாள், உடம்பு லேசாகச் சுட்டது. சனிக்கிழமை காலையில் தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது. அத்தை பார்த்துவிட்டு, "பொன்னுக்கு வீங்கி, வேற ஒண்ணுங் கிடையாது" என்றாள். பொன்னுக்கு வீங்கி வந்தால் நம் பக்கத்தில் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியும், உனக்கும் செய்திருக்கிறோம். கழுத்தில் பொன் செயின் போட்டு, வேப்பிலை அரைத்துப் பூசி, வீட்டோடு வைத்துக்கொள்வார்கள். அது தானாக வரும், தானாக வற்றும், பேர் மட்டும் செயினுக்குப் போகும். அத்தை தன் பெட்டியைத் திறந்து, தன் கல்யாணத்துக்குப் போட்ட மூன்று பவுன் செயினை எடுத்து வந்து, கழுத்தோடு இரண்டு சுற்றாகச் சுற்றிப் போட்டாள். உமாவுக்கு ஒரே பெருமை. கண்ணாடி முன்னால் நின்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

சாயங்காலமே எனக்குச் சரியாகப் படவில்லை. உனக்கு வந்தபோது நீ வலிக்கிறது என்று வீட்டையே இரண்டாக்கினாய். இவள் சத்தமே போடவில்லை. பேச்சு மூக்கால் வந்தது. கிட்டப் போனால் வாயிலிருந்து ஒரு நாற்றம். எலி செத்துக் கிடக்கிற அறையைத் திறந்த மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில், "அண்ணி, டாக்டர் கிட்ட காட்டிட்டு வந்துடறேன்" என்றேன். "பொன்னு போட்டப்புறம் புள்ளய வெளிய தூக்கிகினு போவாத. மூணு நாளு செயின கழட்டவும் கூடாது. இது கூடவா தெரியாது உனக்கு?" என்றாள். உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் அக்காவைப் பார்த்தார். ஆறு வயசில் தாய் போன பிள்ளையைத் தூக்கி வளர்த்தவள் அவள். புருஷன் வீட்டை விட்டு வந்தபிறகு வேறு யாரும் இல்லாமல் தம்பியே உலகம் என்று இருந்தவள். குரோம்பேட்டை தொழிற்சாலையில் நாற்பது பேரை வேலை வாங்குகிற மனுஷன், வீட்டில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு பேசமாட்டார். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க, நான் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெருவில் இறங்கி நடந்தால் இருபது நிமிஷத்தில் டாக்டர் வீடு. நான் இறங்கவில்லை.

திங்கட்கிழமை விடிந்தபோது அவள் மூச்சு இழுக்கிற சத்தம் கூடத்துக்கே கேட்டது. தூக்கிக்கொண்டு ஓடினோம், அப்பா, நான், பின்னாலேயே அத்தை. டாக்டர் ஒரு ஸ்பூன் காம்பால் நாக்கை அமுக்கி டார்ச் அடித்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். தொண்டைக்குள் சாம்பலும் வெள்ளையுமாக ஒரு தோல் படர்ந்து, வழியை மூடிக்கொண்டிருந்தது. "இது பொன்னுக்கு வீங்கி இல்லம்மா. தொண்டை அடைப்பான். முதல்ல இந்தச் செயினைக் கழட்டுங்க, மூச்சு விடட்டும்" என்றார். கழற்ற வரவில்லை. கழுத்து வீங்கி வீங்கிச் செயின் சதைக்குள் புதைந்திருந்தது, கொக்கி எங்கே என்றே தெரியவில்லை. டாக்டர் கட்டு வெட்டுகிற கத்தரியைக் கொண்டு ஒரு கண்ணியை நெம்பி அறுத்தார். எடுத்தபிறகும் கழுத்தைச் சுற்றி அந்தச் செயினின் அச்சு அப்படியே சிவப்பாக இருந்தது. அறுந்த செயினைக் கையில் சுருட்டிக்கொண்டு அத்தை சுவரோரம் நின்றாள்.

டாக்டர் கேட்டார், "முத்தடுப்பு ஊசி எத்தனை போட்டீங்க?" உன் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒண்ணுதான் சார் போட்டோம். ஜுரம் வந்துச்சு. அதுக்கப்புறம் அண்ணி வேணாம்னுட்டாங்க" என்றேன். அப்பாவின் முகம் அக்கா பக்கம் திரும்பியதை நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். டாக்டர் சீட்டு எழுதிக்கொண்டே, "மூணும் போட்டிருந்தா இது வந்தே இருக்காது. ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தாலாவது பரவாயில்லை" என்று சொன்னார். திட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அந்தச் சாதாரணம்தான் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

டாக்சி பிடித்துச் சென்னைக்குக் கொண்டுபோய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த மருந்து என்று சொல்லி ஏற்றினார்கள். தொண்டையில் ஓட்டை போட வேண்டிவரும் என்றார்கள், அது வேண்டியிருக்கவில்லை. நாலைந்து நாளில் அந்தத் தோல் கழன்று வந்தது, வீக்கம் வற்றியது, இட்லி கேட்டாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்து, "அத்தை செயின் எங்க?" என்று கேட்டாள். நான் பிழைத்துக்கொண்டாள் என்று நினைத்தேன், வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு மிட்டாய்கூட வாங்கிக் கொடுத்தேன். அந்த நோயின் விஷம் இதயத்துக்குப் போகும், அசையாமல் படுக்க வையுங்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். ஒன்பதாம் நாள் மத்தியானம் உமா பால் குடிக்க எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு வாய் குடித்தாள். அப்படியே என் தோளில் சாய்ந்தாள். தூங்குகிறாள் என்று நான் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன், ரகு. எவ்வளவு நேரம் தட்டிக்கொடுத்தேன் என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் நான் அழவில்லை என்று ஊரே பேசியது. அழுவதற்கு எனக்கு நேரமில்லை, வேறு வேலை இருந்தது. உமாவின் தடுப்பூசி அட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். மஞ்சள் அட்டை, மூன்று ஊசிக்கும் பிறகு போடுகிற பூஸ்டருக்குமாக நாலு கட்டம். முதல் கட்டத்தில் தேதியும் கையெழுத்தும் இருக்கும். மற்ற மூன்றும் காலி. அதைத் தாம்பரம் மார்க்கெட்டில் சாமி படம் சட்டம் போடுகிற கடைக்குக் கொண்டுபோய்க் கண்ணாடி போட்டு வாங்கி வந்தேன். அத்தை எந்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவாளோ, அதற்கு நேர் எதிரே ஆணி அடித்து மாட்டினேன். அது என்ன என்று நீ ஒரு தடவை கேட்டாய், "உமாவோட ஸ்கூல் கார்டு" என்றேன். மற்றவர்கள் வீட்டில் செத்த பிள்ளையின் போட்டோவுக்கு மாலை போடுவார்கள், நான் காலிக் கட்டங்களை மாட்டினேன். ஒவ்வொரு கவளத்துக்கும் அவள் அதைப் பார்க்க வேண்டும், அதுதான் என் ஆசை. பார்த்தாள். இடத்தை மாற்றி உட்காரவில்லை, கழற்றச் சொல்லவும் இல்லை. சாப்பாடு மட்டும் குறைந்துகொண்டே வந்தது. எனக்கு அதில் சந்தோஷம் இருந்தது. மறைக்கமாட்டேன்.

அவளோடு பேசுவதை நிறுத்தினேன். ஒரே கூரைக்குக் கீழே, ஒரே குழாயடியில் பதினைந்து வருஷம். "சோறு ஆயிடுச்சுன்னு அத்தை கிட்ட சொல்லு ரகு" என்பேன், அவள் மூன்றடி தள்ளித்தான் நிற்பாள். நீ ஹாஸ்டலுக்குப் போனபிறகு சொல்வதற்கு ஆள் இல்லை, அதனால் சுவரைப் பார்த்துச் சொன்னேன். நம் நிலத்தையெல்லாம் பிளாட் போட்டு விற்று, சுற்றிலும் வீடுகள் வந்து, புதுசாகக் குடிவந்தவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்தார்கள். உன் அப்பாவும் மாறினார். தன்னை வளர்த்த அக்காவிடம் ஒரு வாய்த் தண்ணீர் கேட்கமாட்டார். நாலு வருஷத்துக்கு முன்னால், நெஞ்சு வலிக்கிறது என்று படுத்த அன்றைக்கு அவள் கிட்டே வந்து தலையைத் தொட்டாள், முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்படியே போய்விட்டார். அதையும் நான் என் வெற்றியில்தான் சேர்த்துக்கொண்டேன்.

பால்வாடி வேலைக்கு நான் ஏன் போனேன் என்று நினைக்கிறாய்? சேவை மனப்பான்மை என்று சொல்லி ஒரு பொங்கல் விழாவில் எனக்குச் சால்வை போட்டார்கள், நீயும் கை தட்டினாய். சேவையாவது ஒன்றாவது. என் பெண்ணைக் கொன்ற அந்த நோயைப் பழிவாங்க எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அட்டை இல்லாமல் வந்தால் சத்துமாவு கிடையாது என்று நானே ஒரு சட்டம் போட்டேன். மேலிடத்துக்குத் தெரிந்திருந்தால் வேலை போயிருக்கும். புதன்கிழமைதோறும் தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைத் திரட்டிக்கொண்டு பெருங்களத்தூர் சுகாதார நிலையத்துக்கு நடத்திப் போவேன். ஒருத்தி கதவை மறித்துக்கொண்டு நின்றாள். "இன்னா டீச்சரே, ஊசி போட்டா ரெண்டு நாளு அழுதுகினே கீது. நீயா வந்து தூக்கிகினு இருக்கப் போற?" என்றாள். "ஆமா, நானே வர்றேன்" என்றேன். போனேன். இரண்டு நாளும் அவள் வீட்டில் உட்கார்ந்து அந்தப் பிள்ளைக்கு ஈரத்துணி போட்டேன். மூன்றாம் நாள் அவளே தன் நாத்தனார் பிள்ளையையும் இழுத்து வந்தாள். ஒவ்வொரு தொடையிலும் ஊசி இறங்கும்போது எனக்குள் ஒரு குரல் கேட்கும், இதோ இன்னொருவன் உனக்குக் கிடைக்கமாட்டான் என்று. அந்த நோயிடம்தான் சொல்வேன். வாய்விட்டுக்கூடச் சொல்லியிருக்கிறேன்.

கொஞ்ச வருஷம் அது நம் பக்கம் தலைகாட்டவில்லை. இப்போது மறுபடியும் வருகிறது, ரகு. இந்த மழைக்கு என் பால்வாடிக்கு அடுத்த தெருவில் இரண்டு பிள்ளைகள், ஏரிக்கரைப் பக்கம் ஒன்று. நர்சம்மா சொல்கிறாள், முன்னெல்லாம் வருஷத்துக்கு ஒன்று வந்தால் அதிசயம், இப்போது மாசத்துக்கு ஒன்று காதில் விழுகிறது என்று. அந்தத் தோல் படர்ந்த தொண்டையைப் பார்த்தவர்கள் கிழடாகிவிட்டார்கள், பார்க்காதவர்கள் பிள்ளை பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். படிக்காதவர்கள் என்று நாம் நினைக்கிற தெருவில்கூட நான் போய் மிரட்டினால் வந்துவிடுகிறார்கள். மாடி வீட்டுக்காரர்களை நான் எப்படி மிரட்டுவேன்? கீழே வாட்ச்மேனே என்னை உள்ளே விடமாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை, செயினைப் பார்த்த கையோடு நான் அருணின் அட்டையைக் கேட்டேன். மாலதி எடுத்து வந்து கொடுத்தாள். முதல் கட்டத்தில் கையெழுத்து இருந்தது, மற்றதெல்லாம் காலி. "அவர் ரெண்டாவது ஊசிக்கு லீவு போட்டுத் தூக்கிட்டுப் போனாரு அத்தை. மருந்து ஸ்டாக் இல்லையாம், அப்புறம் வரச் சொன்னாங்களாம்" என்று என்னிடம் சொன்னாள். நல்ல பெண், உன்னை நம்புகிறாள். நீ சமையலறையில் டம்ளரை ரொம்ப நேரம் கழுவிக்கொண்டிருந்தாய். நீ லீவு போட்ட அந்தப் புதன்கிழமை நானும் அங்கேதான் இருந்தேன், ரகு, பதினோரு பிள்ளைகளோடு. ஐஸ் பெட்டி நிறைய மருந்து இருந்தது. உள்ளே கூட்டத்தில் நான் உன்னைப் பார்க்கவில்லை. நர்சம்மாதான் மறுவாரம் சொன்னாள், "உங்க பையன் ஸ்கூட்டர்ல குழந்தையோட வந்தாரு டீச்சர். கேட்டாண்ட நின்னாரு, உள்ள புள்ளைங்க அழுவுற சத்தத்தக் கேட்டுட்டு அப்படியே திரும்பிட்டாரு" என்று. நான் நம்பவில்லை. அட்டையைப் பார்த்தபிறகு நம்பினேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை எனக்கு அந்த நிதானமெல்லாம் எங்கே இருந்தது? பதினைந்து வருஷப் பழக்கம், கோபம் நேராக அத்தை மேல்தான் போய் விழுந்தது. "இந்தக் குழந்தைக்கும் ஊசி வேணாம்னு சொல்லிட்டீங்களா அண்ணி? ஒண்ணு போதலையா உங்களுக்கு?" என்றேன். நீ கேட்டாய், அவள் சொன்ன பதிலையும் கேட்டாய். ஆனால் உனக்கு அதன் அர்த்தம் தெரியாது. "நான் வாயத் தொறக்கலம்மா. ஒரு தபா தொறந்து ஒரு உசுரு போச்சு. அன்னிக்கி நான் வேணாம்னு சொல்லாத இருந்தா நீ போட்டுகினு வந்திருப்ப. பாவி நாந்தான். செயினு, அவ கேட்டாளே கடைசியா, அதான் இந்தப் புள்ள கழுத்துல கெடக்கட்டும்னு போட்டேன். இன்னும் எத்தினி வருஷம் சொல்லுவ, சொல்லு" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. குழந்தையின் காலை நீவிக்கொண்டே சொன்னாள். இலை போட்டிருந்தது. எனக்குச் சோறு இறங்காது என்று தெரிந்தது, எழுந்துவிட்டேன்.

ஏன் என்று இப்போது சொல்கிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உமாவுக்கு முதல் ஊசி போட்டு, காய்ச்சல் வந்து, தொடை வீங்கியபோது அத்தை வேண்டாம் என்றது உண்மை. ஒரே ஒரு தடவை சொன்னாள். ஆனால் அடுத்த தவணை வந்தபோது உன் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா கிடக்கட்டும், நீ பாட்டுக்குப் போட்டுட்டு வந்துடு" என்றார். அத்தை அன்றைக்கு ஊரில்கூட இல்லை, ஒரு கல்யாணத்துக்குச் செங்கல்பட்டு போயிருந்தாள். என்னைத் தடுக்க ஒருத்தரும் இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனேன். கேட்டருகில் நின்றேன். உள்ளே ஒரு பிள்ளை வீரிட்டு அழுதது. என்னால் முடியவில்லை. திரும்பி மார்க்கெட்டுக்குப் போய், உமாவுக்கு ஒரு கிலுகிலுப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். சாயங்காலம் அப்பா கேட்டார். "மருந்து ஸ்டாக் இல்லையாம், அடுத்த மாசம் வரச் சொன்னாங்க" என்றேன். அடுத்த மாசமும் நான் போகவில்லை. நாலு வருஷம் கழித்து டாக்டர் கேட்டபோது உன் அப்பாவுக்கு அந்த வார்த்தை மறந்துபோயிருந்தது. எனக்கு மறக்கவில்லை. அண்ணி வேண்டாம் என்றாள் என்று சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

இப்போது தெரிகிறதா, நீ மாலதியிடம் சொன்ன பொய்யை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று? அது என் பொய், ரகு. எழுத்துக்கு எழுத்து என்னுடையது. நான் உனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை, ஆனாலும் வந்து சேர்ந்துவிட்டது. உன் பயம் எனக்குத் தெரியாத பயம் இல்லை. குழந்தை அழுவதைத் தாங்க முடியாத நல்ல மனசு என்று நீ அதற்குப் பேர் வைத்திருப்பாய், நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். அந்த நல்ல மனசு உமாவைக் கொன்றது. பிறகு இன்னொருத்தி தலையில் பழியைப் போட்டு, கண்ணாடி போட்டு மாட்டி, பதினைந்து வருஷம் அவளை அதற்கு முன்னால் சோறு தின்ன வைத்தது. உன் அப்பாவை அக்காவுக்கு ஆகாதவராக்கிச் சாகவைத்தது. அந்த மூன்று காலிக் கட்டமும் என்னுடையவை.

அதற்காக அத்தையை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. அந்தச் சனியும் ஞாயிறும் அவளுடையவை, அந்தச் செயின் அவளுடையது. அதை நான் மன்னிக்கமாட்டேன், செத்தாலும் மாட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை தெருவில் இறங்காமல் உட்கார்ந்திருந்த என்னையும் மன்னிக்கமாட்டேன். அருணுக்கு ஒன்று ஆனால் உன்னையும் விடமாட்டேன். பெற்ற பிள்ளை என்று பார்க்கமாட்டேன். பழிவாங்குவதில் எனக்கு எவ்வளவு பொறுமை உண்டு என்று இந்தக் கடிதத்தில் படித்துவிட்டாய்.

அதனால் இரண்டு காரியம் செய். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. இன்றைக்கே அவளை உட்காரவைத்து, இந்தக் கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை உரக்கப் படித்துக் காட்டு. மாலதியும் கூட இருக்கட்டும். உன்னைப் பற்றி எழுதியதை விட்டுவிட்டுப் படிக்காதே. என்னைப் பற்றி எழுதியதை மெதுவாகப் படி. சட்டத்தை ஆணியிலிருந்து கழற்றிவிட்டேன். சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. அட்டையை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன், அவள் கையில் கொடு. அவள் என்னைத் திட்டினாலும் சரி, பதினைந்து வருஷம் பேசாமல் இருந்தாலும் சரி, அந்த அட்டையை என் சாப்பாட்டு இலைக்கு எதிரே மாட்டினாலும் சரி. முறை இனிமேல் அவளுடையது. நான் எங்கேயும் எழுந்து போகமாட்டேன்.

இன்னொன்று, புதன்கிழமை. காலை ஒன்பது மணிக்குச் சுகாதார நிலையத்துக்கு எதிரே நிற்பேன். நீ லீவு போடு. தாமதமானதற்கு என்ன செய்ய வேண்டும், மீதி ஊசிகளை எப்படிப் போட வேண்டும் என்று நர்சம்மாவிடம் கேட்டு வைத்திருக்கிறேன், விட்ட இடத்திலிருந்து போடலாம் என்றாள். அத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு காலைப் பிடிக்கட்டும். இன்னொரு காலை நான் பிடிக்கிறேன். அவன் அழுவான், நன்றாக வீரிட்டு அழுவான், நாங்கள் இரண்டு பேரும் கையை எடுக்காமல் அதைக் கேட்க வேண்டும். எங்களுக்கு நான் கொடுக்கிற தண்டனை அது. நீ அவன் முகத்துக்கு நேரே நில். கேட்டைப் பார்க்காதே.

குழந்தையை அத்தையே தூக்கிக்கொண்டு வரட்டும். செயினைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்.

அம்மா